கறுப்புத் திரையும் மடையானும்

பறக்குற பறவையைக் கறுப்பு வெள்ளையில, கண்ணு மூக்கு எதுவும் தெரியாம, வெறும் வளைவும் கோடுமா எடுத்த படத்தைக் காட்டினா, ஆபீஸ்ல ஒரே கேள்விதான்: "கை ஆடிடுச்சா?" கொஞ்சம் படிச்சவங்க "மாடர்ன் ஆர்ட்டா?"ம்பாங்க. ரெண்டுமே இல்லீங்க :-)

1882ல் பிரான்சுல எத்தியென் ழூல் மாரேன்னு ஒரு உடலியல் அறிஞர், தோள்ல வெச்சுக் குறிபார்க்குற துப்பாக்கி மாதிரி ஒரு கேமரா செஞ்சார். விசையை அழுத்தினா நொடிக்கு 12 படம். சிறகு எப்ப மடங்குது, எப்ப விரியுதுன்னு தெரியணும், அவ்வளவுதான் அவர் கவலை. படமெல்லாம் பொடிசா விழுந்துச்சு. அதனால அதே வருஷம் இன்னொரு வழி: ஒரே கண்ணாடித் தகடு, அதுக்கு முன்னாடி துளை போட்ட தட்டு சுத்தும், பறவைக்குப் பின்னாடி முழுக்கக் கறுப்பு. கறுப்பு பட்ட இடத்துல தகட்டுல எதுவும் பதியாது, வெள்ளைப் பறவை மட்டும் அடுத்தடுத்து விழும். சிறகு மேல சிறகு ஏறி, கடைசில வெள்ளை அலைதான் மிஞ்சும். மாரேவுக்கு இது தலைவலி. மனுஷங்களை எடுக்கும்போது உடம்பு முழுக்கக் கறுப்பு உடை போட்டுவிட்டு, கை கால்ல வெள்ளைக் கோடு மட்டும் ஒட்டிப் பார்த்தார்.

ஓவியர்கள் அப்புறம்தான் வந்தாங்க. மாரே படங்களைப் பார்த்து, இத்தாலிக்காரர் ஜியாகோமோ பல்லா 1913ல் உழவாரன் குருவிகளைக் கோடுகளா வரைஞ்சார்.

தெளிவான படம் ஒரு கணத்தைச் சொல்லும். மாரேவோட தகடு ஓடின நேரத்தையும் சேர்த்துச் சொல்லுது. அதை ஆடின படம்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நம்ம ஆட்கள்ல, வண்ணப் படச்சுருள் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடாதவர் மா. கிருஷ்ணன் (1912-1996), அ. மாதவையாவோட மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டிக்கிட்டவர். இன்னொருத்தர் தஞ்சாவூர்ல 1932ல் பிறந்து, பெங்களூர்ல வாழ்ந்து, 2017ல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள். நம்ம ஊர்க்காரர்னு எங்க தெருவுல யாருக்கும் தெரியல! இவங்க ரெண்டு பேரும் எடுத்தது உயிரினம் அடையாளம் தெரியுற படங்கள். ஆனா நிறம் போனதும் கண்ணு வடிவத்தைத் தேடும்ங்கறதை நான் அவங்க படங்கள்லதான் கத்துக்கிட்டேன்.

மாரே மெனக்கெட்டு உண்டாக்கின கறுப்பு நமக்கு டெல்டாவுல சேறா கிடக்கு. சேத்துழவு நடக்குற வயல்ல மடையானைப் பாருங்க. உட்கார்ந்தா சேத்து நிறம், எழும்பினா பளீர்னு வெள்ளைச் சிறகு. நொடியில 15ல் ஒரு பங்கு ஷட்டர் வெச்சு, கேமராவை அதுகூடவே நகர்த்தினா, பழுப்பு உடம்பு சேத்தோட கரைஞ்சு, சிறகு போன வழி மட்டும் வளைவா பதியும்.

நட்ட நாத்து பச்சை கட்டிட்டா இந்தக் கறுப்பு கிடைக்காது. அதுக்குள்ள எடுத்துடணும்.