கண்டதும் கருதியதும்: புதுக்கோட்டை வட்டாரத்துப் பேய், அருள் அனுபவங்களை ஆராயும் முறை

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தில் பேயைப் பார்த்ததாகவோ, தன்மேல் சாமி இறங்கியதாகவோ, இறந்தவர் குரலைக் கேட்டதாகவோ சொல்பவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்க்கரையிலும் பொன்னமராவதிப் பக்கத்துக் களத்துமேட்டிலும் பேச்சு கொஞ்சம் நீண்டால், இரவுக் காவலுக்குப் போன ஒருவரின் கதை வந்துவிடும். படித்தவர்கள் இக்கதைகளை இருவிதமாக எதிர்கொள்கிறார்கள். ஒரு சாரார் எல்லாம் மனப்பிராந்தி என்று தள்ளிவிடுகிறார்கள். மறுசாரார் அறிவியலுக்கு எட்டாதவையும் உண்டு என்று அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். சொல்பவரின் பேச்சை இவ்விரு சாராருமே முழுதாகக் கேட்பதில்லை.

ஒருவருக்கு நேர்ந்தது என்ன என்பதும், அதற்கு அவர் கற்பிக்கும் காரணம் என்ன என்பதும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் வாதம். முன்னது பெரும்பாலும் உண்மையான உடல், மன நிகழ்வு. பின்னது சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோள். பகுத்தறிவின் பெயரால் தரப்படும் விளக்கத்துக்கும் அதே சோதனை உண்டு. அனுபவப்பட்டவர் சொல்லும் விவரங்களோடு ஒட்டாத விளக்கம், எத்தனை விஞ்ஞானச் சொற்களோடு வந்தாலும் நிற்காது.

1. மரபுக்கதையும் வாக்குமூலமும்

எதை ஆராய முடியும், எதை முடியாது என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். 1738இல் விஜயரகுநாதத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்பது புதுக்கோட்டை அரச மரபு. மௌனத்தில் இருந்த துறவி மந்திரத்தை மணலில் எழுதிக் காட்ட, மன்னர் அந்த மணலை அள்ளிவந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்கிறது அம்மரபு. அதே துறவியின் கை வெட்டுண்டபோதும் அவர் உணராமல் நடந்துபோனார் என்ற கதையும் வழங்குகிறது. இதற்கு நரம்பியல் விளக்கம் தேடுவது வீண்வேலை. கண்டவர் சொல் நம் கையில் இல்லை. விளக்கப்பட வேண்டிய நிகழ்வே உறுதிப்படவில்லை. வரலாற்றாய்வாளர் இங்கே கேட்கத்தக்க கேள்வி வேறு: இந்த நம்பிக்கை என்ன செய்தது? ஆட்சியாளர்கள் தம்மைப் பிரகதாம்பாள் தாசர் என்று அழைத்துக்கொண்டதும், அம்மன் உருவம் பொறித்த அம்மன் காசு நவராத்திரியில் மக்கள் கைக்குப் போனதும் ஐயத்துக்கு இடமில்லாத வரலாறு.

ஆவுடையார்கோயிலின் சான்று வேறு வகைப்பட்டது. திருப்பெருந்துறை என்ற பழம்பெயர் கொண்ட அவ்வூரில் குருந்தமரத்தடியில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டார் என்பது சைவ மரபு. அவர் கதையில் வரும் நரிகள் பரிகளான நிகழ்ச்சியைச் சோதிக்க நமக்கு வழியில்லை. ஆனால் உடல் நடுங்கி, கண்ணீர் பெருகி, தன்னை இழந்து உருகியதாகத் திருவாசகம் நெடுகத் தன்மையில் பேசும் குரல் ஓர் அனுபவ வாக்குமூலம். மரபுக்கதைக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: இதைப் பிற வாக்குமூலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனி வரும் பகுதிகள் இவ்வகைச் சான்றுகளை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன.

2. அமுக்குவான்

இவ்வட்டாரத்தில் அமுக்குவான் பேய் பற்றி யார் சொன்னாலும் விவரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மல்லாந்து படுத்திருக்கிறார். விழிப்பு வந்துவிட்டது; கூரையும் கதவும் தெரிகின்றன. யாரோ அறைக்குள் இருப்பது தெரிகிறது. கால்மாட்டிலிருந்து அது ஏறிவந்து நெஞ்சில் உட்காருகிறது. “கத்துறேன், சத்தமே வரல, பக்கத்துல படுத்திருக்கிற ஆளைத் தொடக்கூட விரலை அசைக்க முடியல” என்பார்கள். ஓரிரு நிமிடத்தில் எல்லாம் சட்டென்று விலகிவிடும். உடம்பு வியர்த்திருக்கும்.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் ‘அறிவியல்’ விளக்கம், புளியமரம் இரவில் கரியமிலவாயுவை விடுவதால் அடியில் படுத்தவருக்கு மூச்சு முட்டுகிறது என்பது. இரவில் மரங்கள் அவ்வாயுவை வெளியிடுவது உண்மை. ஆனால் திறந்தவெளியில் அது காற்றில் கலைந்துவிடும். மூச்சை அடைக்கும் அளவுக்குத் தேங்காது. அமுக்குவானோ வீட்டுக்குள், கட்டிலில், மரமே இல்லாத நகரத்து விடுதி அறையிலும் வருகிறான். மரத்தைக் காரணம் காட்டும் விளக்கம், அறைக்குள் யாரோ இருக்கும் உணர்வையும் அசைய முடியாமையையும் தொடவே இல்லை. பேயின் இடத்தில் வாயுவை உட்காரவைத்ததோடு அது நின்றுவிட்டது.

விவரங்களோடு ஒட்டும் விளக்கம் தூக்கத்தைப் பற்றிய ஆய்வில் இருக்கிறது. கனவு நிறைந்த தூக்கக் கட்டத்தில் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும். கை, கால் தசைகள் செயலற்றிருக்கும். கனவில் ஓடுபவர் நிஜத்தில் எழுந்து ஓடாமல் இருப்பது இதனால்தான். சில வேளை மூளை விழித்த பின்னும் தசைகளின் தளர்ச்சி நீங்குவதில்லை. உதரவிதானம் இயங்குவதால் மூச்சு நிற்காது. ஆனால் வேண்டுமென்று ஆழமாக இழுக்க முயன்றால் நெஞ்சுத் தசைகள் ஒத்துழைக்காது. அதுவே பாரமாகத் தோன்றுகிறது. அச்சத்தைத் தூண்டும் மூளைப்பகுதி விழிப்போடிருக்க, கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாக நிற்கிறது. மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் இதை வரவழைக்கும். மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது மோட்டார் போட எழுந்து போகும் விவசாயிக்கும், இரவுப்பயண ஓட்டுநருக்கும் இது அடிக்கடி நேர்ந்தால் வியப்பதற்கில்லை.

டேவிட் ஹஃபோர்டு 1982இல் வெளியிட்ட நூலில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மக்கள் இதே அனுபவத்தை நெஞ்சில் அமரும் கிழவியாகச் சொல்வதை ஆராய்ந்தார். அந்தக் கதையைக் கேட்டே இராதவர்களுக்கும் அதே அனுபவம் நேர்ந்ததைக் காட்டி, கதை அனுபவத்தை உண்டாக்கவில்லை, அனுபவமே கதையை உண்டாக்கியது என்று வாதிட்டார். 2011இல் ஷார்ப்லெஸ், பார்பர் இருவரும் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினரும் மாணவர்களில் 28.3 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. நம் கிராமத்துக் கிழவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டதை உலகெங்கும் மனிதர்கள் கண்டிருக்கிறார்கள்.

தலைமாட்டில் இரும்பும் துடைப்பமும் வைத்தால் அமுக்குவான் வராது என்ற நம்பிக்கைக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. இது எப்போதாவது வந்து தானே விலகும் அனுபவம். வந்த மறுநாள் எதைச் செய்தாலும் அதற்கு அடுத்த இரவில் அது வராமல் போகவே வாய்ப்பு அதிகம். அச்சம் தணிந்து நன்றாகத் தூங்கினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

3. கொள்ளிவாயும் பேரையூர்ச் சுனையும்

கண்மாய்க்குள் நள்ளிரவில் தீப்பந்தம் போல் எரிந்து நகரும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்பார்கள். சேற்றில் மட்கும் தாவரங்களிலிருந்து எழும் மீத்தேன் எரிவதே இது என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். சதுப்பு நிலத்திலிருந்து எழும் இந்த எரிவாயுவை அலெசாந்திரோ வோல்ட்டா 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் சேகரித்து ஆராய்ந்தார். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. பற்றவைக்க இன்னொன்று வேண்டும். பாஸ்பரஸ் சேர்ந்த வாயுக்கள் அதைச் செய்யலாம் என்பது நீண்டநாள் கருதுகோள். தவிரவும், மழை பொய்க்கும் புதுக்கோட்டையில் ஆண்டின் பல மாதங்கள் கண்மாய்கள் வெடித்துக் காய்ந்து கிடக்கின்றன. அப்போது கண்ட ஒளிக்குச் சேற்றுவாயு காரணமாக இருக்க முடியாது. கரைமேல் வண்டியின் முகப்புவிளக்கு, எலி பிடிக்கவோ மீன்பிடிக்கவோ போனவரின் கைவிளக்கு, மின்மினிக் கூட்டம் ஆகியவற்றை அங்கே விசாரிக்க வேண்டும். எந்த மாதம், நீர் எவ்வளவு, எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று கேட்காமல் ‘மீத்தேன்’ என்று முடிப்பவரும் கேள்வியை மூடிவிடுகிறார்.

திருமயம் வட்டாரத்துப் பேரையூர் நாகநாதசுவாமி கோயில் சுனை இதற்கு நேர்மாறான வாய்ப்பைத் தருகிறது. பங்குனியில் நீர் சூலக்குறியை எட்டும்போது சுனைக்குள்ளிருந்து இசையொலி கேட்கும் என்பது அங்கே வழங்கும் செய்தி. நீர்மட்டம் ஏறும்போது பாறைப் பிளவில் அடைபட்ட காற்று நெருக்குண்டு வெளியேறினால் ஒலி எழலாம். குடம் நிறைய நிறையத் தொனி மாறுவதை நாம் அறிவோம். இது என் ஊகம் மட்டுமே. ஆனால் இது சோதிக்கத்தக்க ஊகம்: நீர்மட்டத்தை அளக்க ஒரு கோலும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில பங்குனிகள் பொறுமையும் போதும். மாவட்டத்தின் கல்லூரிகளுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைப்பது அரிது.

4. அருளும் ஆட்டமும்

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவில் பால்குடமும் காவடியும் வரும்போது, உடுக்கையும் பறையும் உச்சத்தை எட்டும் இடத்தில் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடுகிறது. கண் நிலைகுத்துகிறது, தோள் குலுங்குகிறது, குரல் மாறுகிறது. வேப்பிலையும் விபூதியும் கொடுத்து மலையேற்றிய பிறகு, நடந்ததில் பாதி அவருக்கு நினைவிருப்பதில்லை.

இத்தகைய விழாக்களில் நடக்கும் தீமிதியில் கால் ஏன் வெந்துபோவதில்லை என்பதற்கு விடை எளிது. 1935இல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸைத் தீக்குழியில் நடக்கவைத்துச் சோதித்தார். சாம்பல் பூத்த மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் அதைத் தொடும் நேரமோ மிகக் குறைவு. கடவுள் மறுப்பாளர்கள் தீமிதித்துக் காட்டியதும் இதைத்தான் மெய்ப்பித்தது. ஆனால் பாதத்துக்குச் சொன்ன விடை மனத்துக்கு விடையாகாது. ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே கிராமத் தீமிதியை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, தீயில் நடப்பவரின் இதயத்துடிப்பும் பார்த்து நிற்கும் உறவினரின் இதயத்துடிப்பும் ஒத்த போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டியது. தொடர்பில்லாத வெளியார் இதயத்தில் அது நிகழவில்லை. மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், அலகுக் காவடியில் பங்கேற்றவர்களும் உடன் நடந்தவர்களும், கூட்டு வழிபாட்டில் மட்டும் இருந்தவர்களைவிடத் தாராளமாக நன்கொடை தந்தார்கள். ஊர் ஒன்றாகிறது என்று நம்மவர் சொல்வதை இவை அளந்து காட்டின.

வில்லியம் ஜேம்ஸ் 1902லேயே எச்சரித்தார்: ஓர் அனுபவத்தின் உடல்வழிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாலேயே அதன் மதிப்பைத் தீர்மானித்துவிட முடியாது. உலக சுகாதார அமைப்பின் 11ஆவது நோய்ப் பட்டியலும், 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, இதே எல்லைக்கோட்டைப் போட்டது. தன் விருப்பமின்றி வேறொன்று தன்னை ஆட்கொள்வதும், அதனால் துன்பமோ வாழ்க்கை முடக்கமோ நேர்வதும் நோய். ஊரும் மதமும் ஏற்ற சடங்குக்குள் வந்து போகும் அருள் நோயல்ல. சாமியாடி திருவிழா முடிந்து மறுநாள் வயலுக்குப் போகிறார். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் புதுமணப்பெண் வாரக்கணக்கில் சோறின்றித் தூக்கமின்றித் தவிக்கிறாள். மாமியார் வீட்டில் அவள் வாய்திறந்து சொல்ல முடியாததைப் ‘பேய்’ உரக்கச் சொல்கிறது. கோடாங்கி பேயிடம் ‘உனக்கு என்ன வேணும்’ என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை வீட்டார் முன்பே அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

5. இறந்தவர் வருகை

கருமாதி முடிந்த வீட்டில், திண்ணையில் கணவரின் இருமல் கேட்டதாக, சுருட்டு வாசம் வந்ததாக மனைவி சொல்வதுண்டு. பிள்ளைகள் பயந்துபோய்க் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். வேல்ஸ் கிராமப்புறத்து மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்திருந்தார்கள். பலர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. இது பித்தல்ல, பேயுமல்ல. நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவரை எதிர்பார்த்துப் பழகிய மனம், அவர் போன பின்னும் எதிர்பார்ப்பதை உடனே விடுவதில்லை. அந்தத் தாய்க்குத் தேவை தாயத்தல்ல. அவர் சொல்வதைப் பதறாமல் கேட்கும் ஒருவர் போதும்.

6. உயிர் தொங்கும் இடம்

விளக்கம் சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், தவறானால் சில இடங்களில் உயிர் போய்விடும் என்பதே. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கை கால் துவளும், மூச்சு திணறும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கலாம். பாம்பை யாரும் பார்க்கவில்லை. ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் பேச்சற்றுக் கிடக்கிறார். காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று கருத எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. மந்திரிக்கப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் மூச்சுத் தசைகளின் செயலிழப்பு கூடும்.

அமுக்குவானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அமுக்குவானின் முடக்கம் சில நிமிடங்களில் முழுதாக விலகும். விலகாமல் கூடிக்கொண்டே போகும் முடக்கமும், தொங்கும் இமையும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவான முறிமருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் உயிரைக் காக்கும். கட்டிலில் கொசுவலையை நன்றாகச் செருகிப் படுத்தால் கடியே நேராமல் தடுக்கலாம்.

மனநோய்க்கும் இதே கதைதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று, பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். பேயை ஓட்டவும் தெய்வத்தின் கருணையை நாடவும் குடும்பத்தார் அவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனாலும் கோயிலையும் தர்காவையும் பகையாகக் கொள்வது சரியான படிப்பினை ஆகாது. தமிழகத்து வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ரகுராமும் உடன் ஆய்ந்தோரும் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் ஆறு வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை, யாரும் அவமதிக்கவில்லை. இடமும் அன்பும் ஆறுதல் தரும் என்பதற்கு இது சான்று. மருந்து வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து மூன்று விதிகளை வகுக்கலாம். சொல்பவர் கண்டதை அவர் கருதியதிலிருந்து பிரித்து, நேரம், இடம், உடல்நிலை, முன்பின் நடந்தவை அனைத்தையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். எந்த விளக்கமானாலும், எந்த விவரம் கிடைத்தால் அது தவறாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத விளக்கம் பேய் என்ற பெயருக்கு மேலானதல்ல. அனுபவம் ஒருவரை வருத்துகிறதா, தாங்குகிறதா என்று பார்த்தே தலையிட வேண்டும்.

2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்களும், நாட்டார் வழக்காற்றியல் பயில்பவர்களும் சேர்ந்து இத்தகைய வாக்குமூலங்களைத் தொகுக்கத் தொடங்கினால், கிராமத்துச் செவிலியர் கையில் பயன்படும் ஒரு குறிப்பேடு உருவாகும். ‘காத்து அடிச்சிருச்சு’ என்று ஒருவரைத் தூக்கிவரும் வீட்டாரிடம் செவிலியர் முதலில் கேட்க வேண்டியது: எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, இமை தொங்குகிறதா? நம்பிக்கையைப் பற்றிய விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.