கழற்றி மாட்டிய ஒலி: மின் கிட்டார் பிக்கப் மாற்றும் தொழிலின் வரலாறு

மின் கிட்டாரின் பிக்கப் என்பது, காந்தத்தின் மேல் மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றி, எஃகுத் தந்திகளுக்கு நேர் கீழே பொருத்தப்படும் ஒரு சிறு கருவியாகும். தந்தி அதிரும்போது அதனருகே உள்ள காந்தப்புலம் கலைய, அந்தக் கலைவினால் சுருளில் பிறக்கும் நுண்ணிய மின்னோட்டமே ஆம்ப்ளிஃபயரை அடைந்து ஒலியாகிறது. ஆகவே மர உடலும் கழுத்தும் அப்படியே இருக்க, இந்தக் கருவியை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தாலே கிட்டாரின் குரல் பெருமளவு மாறிவிடுகிறது. இன்று உலகெங்கும் நடைபெறும் இந்த மாற்று வேலை, தனியொரு தொழிலாக அமெரிக்காவில் 1970-களில்தான் உருப்பெற்றது. அதற்கு வழிவகுத்தவர்கள் பெரும்பாலும் ஆலைப் பொறியாளர்கள் அல்லர், பழுது பார்க்கும் மேசையில் அமர்ந்து பிறர் செய்த கிட்டார்களைப் பிரித்துப் பார்த்தவர்கள்.

கிட்டாரும் பிக்கப்பும் ஒரே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே உறுதியாக இருந்ததில்லை. ஜார்ஜ் போஷாம் 1931-இல் உருவாக்கி, அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அடுத்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த, வாணலி வடிவிலான கிட்டாரில் குதிரை லாட வடிவக் காந்தம் கருவியின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தது என்பது உண்மையே. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஹாரி டிஆர்மண்ட் வடிவமைத்து ரோவ் நிறுவனம் தயாரித்த பிக்கப்புகள், மரத்தில் ஒரு துளைகூட இடாமல் சாதாரணக் கிட்டாரின் மேல் பொருத்திக்கொள்ளும் வகையில் கடைகளில் கிடைத்தன. ஒலியைத் தனியே விலைக்கு வாங்கலாம் என்ற பழக்கம் வாசிப்பவர்களிடம் வேரூன்றியது அப்போதுதான்.

பிற்காலத்து மாற்று வேலைக்கு வேண்டிய கட்டமைப்பை அமைத்துத் தந்தது கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் இருந்த லியோ ஃபெண்டரின் பட்டறை. வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துத் தொழில் கற்ற ஃபெண்டர், எந்தப் பாகமும் கெட்டுப்போகும், கெட்டதை எளிதில் மாற்ற முடிய வேண்டும் என்ற நோக்கிலேயே கிட்டாரை அணுகினார். 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளும் சுவிட்சும் கட்டுப்பாட்டுக் குமிழ்களும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. திருகுகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால், வெளியீட்டுத் துளைக்குச் செல்லும் இரு கம்பிகளையும், அதிர்வுப் பாலத்தின் சுருள்வில் பிடிக்குச் செல்லும் ஒரு தரைக்கம்பியையும் தவிர வேறெதுவும் மரத்தோடு பிணைந்திருப்பதில்லை. ஒலியை மாற்றிக்கொள்ள வழி செய்வது அவருடைய நோக்கம் அன்று, பழுது நீக்குவதே நோக்கம். ஆனால் பழுது நீக்க வைத்த வாசல் வழியாகவே பின்னர் மாற்றம் உள்ளே நுழைந்தது.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: தந்தியின் அதிர்வை வாங்குவது போலவே, சுற்றுப்புற மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் எழுப்பும் ரீங்காரத்தையும் (அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ்) அது வாங்கிக்கொள்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் ஆலையில் பணியாற்றிய சேத் லவர் இதற்குக் கண்ட தீர்வு, காந்த முனையிலும் சுற்றுத் திசையிலும் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைப்பது; அப்போது தந்தியின் குறிப்பலை இரண்டிலும் கூடிக்கொள்ள, ரீங்காரம் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு 1959 ஜூலையில் உரிமை பெற்ற இக்கருவியே ஹம்பக்கர் எனப்படுகிறது. விண்ணப்பம் நிலுவையில் இருந்ததைக் குறிக்க அதன் அடிப்பகுதியில் ஒட்டிய சிறு சீட்டின் முதலெழுத்துகளால் அக்காலத்துப் பிக்கப்புகள் 'பிஏஎஃப்' என்று இன்றும் அழைக்கப்படுகின்றன. பின்னாளில் கிப்சன் அச்சிட்டு ஒட்டிய காப்புரிமை எண்ணோ ஹம்பக்கருக்கு உரியதே அன்று, கிட்டார் கலைஞர் லெஸ் பால் வடிவமைத்த தந்திப் பிடிப்புக்கு உரியது என்பது இத்துறையினர் விரும்பிச் சொல்லும் வேடிக்கை.

கம்பி சுற்றிய இயந்திரங்களின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு துல்லியமாக இல்லாததால், ஒரு பிஏஎஃப் போல் மற்றொன்று அமையவில்லை. சுருளின் மின்தடை ஏறத்தாழ 7,000 ஓமிலிருந்து 9,000 ஓம் வரை வேறுபட்டதோடு, கையில் கிடைத்த காந்த வகைகளும் கலந்தே பொருத்தப்பட்டன. உற்பத்திக் கணக்கில் குறையாகவே கருதத்தக்க இந்த ஒழுங்கின்மைதான் பின்னர் ஒரு தலைமுறை தேடியலைந்த குணமாயிற்று. அந்தப் பிக்கப்புகளை ஏந்திய லெஸ் பால் பெயரிலான பழைய வடிவக் கிப்சன் கிட்டாரின் உற்பத்தி 1960-களின் தொடக்கத்தில் நின்றுவிட, 1966-இல் ஜான் மயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் அதை ஆம்ப்ளிஃபயர் கரகரக்கும் அளவுக்கு உரக்க வாசித்தபோது, பலரும் விரும்பிய ஒலி எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காத நிலை ஏற்பட்டது. கிப்சன் 1968-இல் அக்கிட்டாரை மீண்டும் வெளியிட்டும், அதன் குரல் பழையது அன்று என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தனர். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்ட ஃபெண்டரைப் பற்றியும் இதே முணுமுணுப்பு எழுந்தது; அதில் எவ்வளவு செவியின் தீர்ப்பு, எவ்வளவு பழமைப் பற்று என்று பிரித்துச் சொல்வது கடினம், ஆனால் சந்தைக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை.

இடையில் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆர்ம்ஸ்ட்ராங் 1969-இல் வடிவமைத்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிட்டாரில், பில் லாரன்ஸ் உருவாக்கிய பிக்கப்புகளைப் பற்றவைக்காமலேயே செருகியும் உருவியும் மாற்றலாம். அது நீடிக்கவில்லை, ஆலை அளித்த அந்த வசதியைவிட, வாசிப்பவர்கள் தாமே கத்தியும் பற்றவைக்கும் கோலும் எடுத்துச் செய்த வேலையே நிலைத்தது.

1972-இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் லாரி டிமார்சியோ வெளியிட்ட 'சூப்பர் டிஸ்டார்ஷன்', பிறர் செய்த கிட்டாரில் பழையதற்குப் பதிலாகப் பொருத்துவதற்கென்றே விற்கப்பட்ட முதல் பிக்கப்பாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அது பழைய குரலை மீட்க முயலவில்லை. வலிய செராமிக் காந்தத்தையும் மிகுதியான சுற்றுகளையும் கொண்ட அது, பிஏஎஃப் அனுப்புவதைவிடப் பெரிய குறிப்பலையை அனுப்பி, வால்வு ஆம்ப்ளிஃபயரின் முதல் நிலையையே திணறடித்து, கூடுதல் கருவி எதுவுமின்றிக் கரகரப்பை உண்டாக்கியது. பழைய ஒலிக்கான ஏக்கம் திறந்துவிட்ட சந்தையில், முற்றிலும் புதியதோர் ஒலிதான் முதலில் விலைபோயிற்று.

ஏக்கத்தின் வழியே வந்தவர் சீமோர் டங்கன். இளமையில் ஒலித்தட்டு சுழற்றும் இயந்திரத்தைக் கொண்டே பிக்கப்புக்குக் கம்பி சுற்றிப் பழகிய அவர், 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் பழுது பார்ப்பவராக இருந்தபோது, கிப்சனின் உடைந்த ஃபிளையிங் வி கிட்டாரிலிருந்து எடுத்த ஹம்பக்கர்களைச் சரிசெய்து ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டார் ஒன்றில் பொருத்தி, கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கிடம் கொடுத்தார்; பெக் அதை 1975-இல் வெளிவந்த தமது இசைத்தட்டில் பயன்படுத்தினார். அதன் பின்னர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டங்கன் தொடங்கிய நிறுவனத்தின் புகழ்பெற்ற மாதிரிக்கு இட்ட பெயரும் பெக்கின் முதலெழுத்துகளே.

பிக்கப் விற்பனையோடு கம்பி இணைப்பின் அறிவும் பரவ வேண்டியிருந்தது. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது ஒலியளவுக் குமிழின் கீழுள்ள மாறுமின்தடைக்கு வழக்கமான மதிப்பு. மதிப்பு குறையக் குறைய உச்ச ஒலிகள் தரைக்கு வடிந்து குரல் மங்கும் என்பதால், ஃபெண்டர் கிட்டாரில் ஹம்பக்கரை மட்டும் மாட்டிவிட்டுக் குமிழை விட்டுவிட்டவர்கள் ஏமாந்தனர். பழைய கிப்சன் பிக்கப்பிலிருந்து உலோகப் பின்னலுக்குள் ஒரே ஒரு கம்பி வந்தது. மாற்றுப் பிக்கப்புகளிலோ இரு சுருள்களின் நான்கு முனைகளும் தனித்தனி நிறக் கம்பிகளாக வெளியே வந்ததால், ஒரு சுருளை மட்டும் ஒலிக்கச் செய்யவோ, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்க்கவோ முடிந்தது. ஆனால் நிறங்களுக்குப் பொது விதி ஏற்படவில்லை. டிமார்சியோவில் குறிப்பலை சிவப்புக் கம்பியில் வரும், கறுப்பும் வெள்ளையும் தமக்குள் இணையும். டங்கனில் கறுப்பில் வரும், சிவப்பும் வெள்ளையும் இணையும். இதை அறியாமல் இரு நிறுவனத்துப் பிக்கப்புகளையும் ஒரே கிட்டாரில் கலந்தவருக்கு, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது கட்டம் முரண்பட்டு, அடித்தொனியற்ற மெலிந்த மூக்கொலியே மிஞ்சியது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுவிட்சும் இவ்வகையில் ஒரு பாடம். மூன்று நிலைகளே கொண்ட அதை வாசிப்பவர்கள் இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்திவைத்து, அடுத்தடுத்த பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்துவந்தனர். ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சை ஏற்றுக்கொண்டது 1977-இல்தான். அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டில் எட்டி வான் ஹேலன் வாசித்தது, தனித்தனியே வாங்கிய உடலும் கழுத்தும் சேர்த்து, பழைய கிப்சன் ஹம்பக்கரை உருக்கிய மெழுகில் தோய்த்துப் பொருத்திய கிட்டார். சுற்றுகளின் இடைவெளியில் மெழுகு புகுந்து கம்பி அசையாமல் இறுகினால்தான், பேரொலியில் பிக்கப் வீரிடுவது அடங்கும். ஒரே ஒரு ஒலியளவுக் குமிழை மட்டும் அவர் இணைத்ததற்குக் காரணம், மற்றவற்றை இணைக்கத் தெரியாததே என்று அவரே சொன்னதுண்டு. அந்த எளிமையைப் பின்னர் ஆலைகளே நகலெடுத்தன.

பி.சி. ரிச், ஹேமர், டீன் போன்ற புதிய கிட்டார் நிறுவனங்கள் 1970-களிலேயே டிமார்சியோ பிக்கப்புகளைத் தொடக்கத்திலேயே பொருத்தி விற்றதால், மாற்றுப் பொருள் மூலப்பொருளின் இடத்தைப் பிடித்தது. கிப்சனும் 1980 அளவில் பொறியாளர் டிம் ஷாவைக் கொண்டு தன் பழைய ஹம்பக்கரையே ஆராய்ந்து மீண்டும் செய்ய முற்பட்டது. கலமசூ ஆலை 1984-இல் மூடப்பட்டு, அங்கு பயன்பட்ட கம்பி சுற்றும் இயந்திரம் ஒன்று டங்கனிடம் போய்ச் சேர்ந்தது. 1990-களில் அவரது நிறுவனம் ஹம்பக்கரின் மறுபதிப்பு ஒன்றை வெளியிட்டபோது, அதை வடிவமைக்க உடனிருந்து உதவியவர், அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த சேத் லவர். பிக்கப்புக்கு வைத்த பெயரும் அவருடையதே.