கட்டணம் யார் கட்டினார்கள்?
தொழிற்கல்வி மாணவர்களுக்குச் சமூகம் கைகொடுத்த வரலாறு

அல்ஹம்துலில்லாஹ்! நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இந்த மலரைக் கையில் எடுக்கும் குடும்பங்களில் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே குடும்பங்களில் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர், விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர், ஆய்வுக்கூட ஊழியர், தாதி, கணக்கர், சமையற்கலைஞர் ஆகியோரும் இருக்கிறார்கள். அவர்களை உருவாக்கியவை தொழில்நுட்பக் கல்விக் கழகமும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும். அந்தப் படிப்புக்கான பணம் எந்தெந்தக் காலத்தில் எங்கிருந்து வந்தது, இன்று எங்கே கிடைக்கிறது, இனி நம் சங்கத்தின் பங்கு என்ன என்பதை எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று இன்று வியாபாரம் செய்பவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்கும் நெருக்கமானது.

கடையே கல்லூரி

தென்காசி, கடையநல்லூர், தக்கலை, நாகூர் முதலிய ஊர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். சாப்பாட்டுக் கடை, பணமாற்றுக் கடை, புத்தகக் கடை, மளிகை, துறைமுகம் என்று வேலை எங்கே கிடைத்ததோ அங்கேதான் தொழிலும் படித்தார்கள். முதலாளி சோறும் தங்க இடமும் கொடுத்தார். பையன் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அந்தப் பயிற்சிக்குக் கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. கடை மூடினால் கற்ற தொழிலைக் காட்டக் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்குச் செய்த பெரிய காரியம் பள்ளிக்கூடம். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி அதற்குச் சான்று. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982இல் மூடப்பட்டாலும், இன்றைய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள் இணைந்து ஒரு பள்ளியை நடத்த முடிந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிற்சாலைக் காலம்

எழுதப் படிக்கக் கற்பிக்கக் கரும்பலகையும் ஆசிரியரும் போதும். தொழில் கற்பிக்க இயந்திரம் வேண்டும், பட்டறை வேண்டும். அது எந்தச் சிறு சங்கத்தின் சக்திக்கும் அப்பாற்பட்டது. அந்தப் பொறுப்பை அரசே ஏற்றது. 1954இல் சட்டம் இயற்றப்பட்டு அமைந்த சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி 1958இல் வகுப்புகளைத் தொடங்கி, 1959இல் பிரின்ஸ் எட்வர்ட் சாலையில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

1963இல் பிறந்த நீ ஆன் கல்லூரியின் கதை வேறு. அதைத் தொடங்கியது தியோச்சியூ சீனர்களின் நீ ஆன் கொங்சி. அக்கல்லூரி 1960களிலேயே பொது நிறுவனமாகி, 1982இல் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி என்று பெயர் பெற்றது. ஒரு சமூக அமைப்பு தன் நில வருமானத்தைக் கல்விக்குத் திருப்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. 1990இல் தெமாசெக், 1992இல் நன்யாங், 2002இல் ரிபப்ளிக் என்று கல்லூரிகள் ஐந்தாயின.

கைத்தொழில் பயிற்சியின் வரலாறும் இதே காலத்தில் நகர்ந்தது. 1973இல் தொழிற்பயிற்சி வாரியம் அமைந்தது. 1979இல் அது முதியோர் கல்வி வாரியத்துடன் இணைந்தது. 1983இல் ஊழியர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் ‘பெஸ்ட்’ திட்டம் வந்தது. 1992 ஏப்ரல் 1ஆம் தேதி தொழில்நுட்பக் கல்விக் கழகம் உருவானது.

அந்நாளில் நம் குடும்பங்களைத் தடுத்தது கட்டணம் மட்டுமல்ல. பதினாறு வயதுப் பையன் இரண்டு ஆண்டு படித்தால், இரண்டு ஆண்டுச் சம்பளம் வீட்டுக்கு வராது. ஊரில் பாட்டிக்கு அனுப்பும் பணமும் குறையும். கல்வி உதவியைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. கட்டணத்தை யாராவது கட்டினாலும், வீட்டில் விழும் துண்டை யார் நிரப்புவது?

மூன்று வாசல்கள்

சமூகத்தின் உதவி அமைப்புகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1965இல் முஸ்லிம் அமைப்புகள் இணைந்து மவ்லிது நினைவு உபகாரச் சம்பள வாரியத்தைத் தொடங்கின. எல்பிகேஎம் என்று நாம் அறிந்தது அதுதான். 1982இல் மெண்டாக்கி வந்தது. முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கான மன்றம் என்பதே அதன் முதற்பெயரின் பொருள். 1991இல் இந்தியர்களுக்காகச் சிண்டா அமைந்தது.

தமிழ் முஸ்லிம் மாணவன் இந்த மூன்று வாசல்களின் நடுவே நிற்பவன். சமயத்தால் முஸ்லிம், அடையாள அட்டையில் இந்தியன். இதனால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. அதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

மெண்டாக்கி நிர்வகிக்கும் உயர்கல்விக் கட்டண உதவி மலாய் மாணவர்களுக்கானது. முன்பு அவர்களுக்கு உயர்கல்விக் கட்டணம் முழுவதும் இலவசமாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கும் உதவியாக மாறியது. அடையாள அட்டையில் மலாய் இனம் இருக்க வேண்டும் என்பதால் அது நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டு நண்பனுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்று மனம் நொந்து, அத்துடன் முயற்சியையே விட்டுவிடும் மாணவர் உண்டு. அவர்கள் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். சிண்டாவின் உதவிநிதி இந்திய மாணவர்களுக்கானது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிப்பவர்கள் அதில் அடங்குவர். எல்பிகேஎம் உதவிநிதிக்கு முஸ்லிம் என்ற முறையில் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “நாம் போய்க் கேட்பதா?” என்று கூச்சப்படும் பெற்றோர் நம்மிடையே உண்டு. 1975இல் முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் 50 காசு கழித்துத் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதிதான் பின்னர் மெண்டாக்கியையும் சேர்த்துக்கொண்டது. சிண்டா நிதியும் சம்பளத்திலிருந்து போவதே. ஆயிரக்கணக்கானோர் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் போடும் பணம் அது. தேவைப்படும் ஆண்டில் அதைக் கேட்பது கையேந்துவது ஆகாது.

அரசின் உதவி

இன்று கட்டணச் சுமையில் பெரும்பகுதியைச் சுமப்பது அரசு. சிங்கப்பூரருக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம், அரசு மானியம் போக, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதற்குமேல் உயர்கல்விச் சமூக உதவிநிதி உண்டு. 2019 தேசிய தினப் பேரணி உரையில் இது உயர்த்தப்பட்டு, 2020 முதல் மிகக் குறைந்த வருமானப் பிரிவினர் பட்டயப் படிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 150 வெள்ளி மட்டும் கட்டினால் போதும் என்ற நிலை வந்தது. நைடெக், உயர் நைடெக் மாணவர்களுக்கும் உதவிநிதி உண்டு.

இதில் முக்கியமான கணக்கு தனிநபர் வருமானம். குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினரின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வீட்டு வருமானம் 4,200 வெள்ளி, வீட்டில் ஆறு பேர் என்றால், தலைக்கு 700 வெள்ளி. கூட வாழும் தாத்தா பாட்டியும் எண்ணிக்கையில் அடங்குவர். நம்மைப் போன்ற கூட்டுக் குடும்பங்கள் “எங்களுக்கு வருமானம் அதிகம்” என்று தாமே முடிவு செய்துவிடாமல், முதலில் வகுத்துப் பார்க்க வேண்டும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்ற கவலையும் வேண்டாம். வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை அந்த வேலையைச் செய்யும்.

2008 முதல் உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்று ஒன்று உள்ளது. பிள்ளையின் எடுசேவ் கணக்கில் மிஞ்சிய பணம் அதில் சேர்கிறது. அரசும் அவ்வப்போது பணம் போடுகிறது. கட்டணத்தை அதிலிருந்து கட்டலாம். உடன்பிறந்தவரின் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் இன்னொரு படி வந்தது: தொழில்நுட்பக் கல்விக் கழகப் பட்டதாரிகள் 30 வயதுக்குள் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் இந்தக் கணக்கில் 5,000 வெள்ளி, பட்டயம் பெற்றதும் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி. “இத்தோடு முடிந்தது” என்று ஒரு காலத்தில் கேலி பேசப்பட்ட கல்விக்கூடத்தின் மாணவருக்கு, இப்போது மேலே ஏறப் படிக்கட்டு போடப்பட்டிருக்கிறது.

வட்டி என்ற தயக்கம்

உதவிநிதிக்குத் தகுதி பெறாத நடுத்தரக் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணக் கடன் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மானியம் போக உள்ள கட்டணத்தில் 75 விழுக்காடு வரை கடனாகப் பெறலாம். ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும். 1989 முதல் பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்தும் கட்டணம் கட்டலாம். பிள்ளை அதை வட்டியுடன் பெற்றோர் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும்.

வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் பின்வாங்குவது இயல்பு. மார்க்க விளக்கம் ஆலிம்களிடம் கேட்க வேண்டியது; நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். கல்விக் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்த பிறகே வட்டி தொடங்குகிறது. அதற்கு முன் முழுத்தொகையையும் கட்டி முடித்தால் வட்டியே கட்ட வேண்டியதில்லை. ஆனால் படிப்பை அப்போதுதான் முடித்து வேலை தேடும் இருபது வயது இளைஞன் ஒரே தடவையில் அத்தனை பணத்துக்கு எங்கே போவான்?

அங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ‘கர்ழன் ஹஸனா’ எனும் அழகிய கடன் நமக்குப் புதிதல்ல. நம் வியாபாரிகள் முதலுக்கும் சரக்குக்கும் ஒருவருக்கொருவர் வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்தே வளர்ந்தார்கள். அதே முறையில், படிப்பு முடியும் மாதத்தில் மாணவனின் கடனைச் சங்கத்தின் நிதி அடைத்துவிட்டு, அவன் வேலைக்குப் போனபின் மாதத் தவணையில் சங்கத்துக்குத் திருப்பிச் செலுத்தும்படி செய்யலாம். அந்தப் பணம் அடுத்த மாணவனுக்குப் போகும். கொடுத்துத் தீர்ந்துபோகும் பரிசுப் பணத்தைவிட இது நீண்ட நாள் ஓடும்.

இனி நம் வேலை

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பள்ளியே இல்லாத காலத்தில் சமூகம் பள்ளி கட்டியது. பணம் இல்லாத காலத்தில் உதவிநிதி திரட்டியது. இன்று கட்டணத்துக்கு வழி இருக்கிறது. அந்த வழியைக் காட்ட ஆள்தான் குறைவு. ஆங்கிலப் படிவம், இணைய விண்ணப்பம், கடைசித் தேதி ஆகியவற்றில் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. அந்நாளில் எழுதத் தெரிந்த ஒருவர் கடைத்திண்ணையில் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்நாளில் சேர்க்கைக் காலத்தில் வாரம் ஒரு மாலை, மடிக்கணினியுடன் இரண்டு இளைஞர்கள் சங்கத்தில் உட்கார்ந்தால் அதே சேவை தொடரும்.

இரண்டாவது, கட்டணத்துக்கு வெளியே உள்ள செலவு. மடிக்கணினி, பாதுகாப்புக் காலணி, சமையல் மாணவரின் கத்திப் பெட்டி, பேருந்துக் கட்டணம், மதிய உணவு ஆகியவை சில நூறு வெள்ளிக்குள் அடங்குபவை. அதில்லாமல் ஒரு பிள்ளை பகுதிநேர வேலைக்குப் போய், வகுப்பில் தூங்கி, பாதியில் நிற்கிறது. உதவிநிதி கைக்கு வரும் வரை உள்ள இடைவெளியில் சங்கத்தின் சிறு தொகை பெரிய காரியம் செய்யும்.

மூன்றாவதுக்குப் பணமே தேவையில்லை. நம் பரிசளிப்பு விழா மேடைகளில் தேர்வில் சிறந்த மதிப்பெண் எடுத்தவர்களைக் கொண்டாடுகிறோம். அதே மேடையில், அதே வரிசையில், நைடெக் முடித்த பிள்ளையும் நிற்க வேண்டும். பொன்னாடை போர்த்தும் கை, மதிப்பெண் பார்த்து உயரக் கூடாது. அந்தப் பிள்ளையின் அத்தாவும் உம்மாவும் கூட்டத்தில் தலைநிமிர்ந்து உட்கார்ந்தால், அடுத்த ஆண்டு உதவி கேட்டு வரும் குடும்பம் கூச்சமின்றி வரும்.

இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு எந்த வாசல் பொருந்தும் என்பதை இன்றிரவே குடும்பத்துடன் உட்கார்ந்து பேசுங்கள். படித்து முடித்து வேலையில் இருப்பவர்கள், ஒரு பிள்ளையின் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு மாலைப் பொழுதைத் தாருங்கள். வல்ல அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. நூற்றாண்டு மலரை எழுதுபவர்கள் நம் காலத்தைப் பற்றி எழுதும்போது, பணம் இருந்தும் வழி தெரியாமல் யாரும் படிப்பை விடவில்லை என்று எழுதட்டும், இன்ஷா அல்லாஹ்.