4 நிமிஷ ஹெச்ஐஐடி பயிற்சி 100 மீட்டர் வேகத்தைக் கூட்டுமா? ஓட்டக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

'தினமும் 4 நிமிஷம் போதும், வேகம் எகிறிடும்' என்று சொல்லும் ரீல்ஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி கிரவுண்டில் இறங்கும் பள்ளி, கல்லூரி ஓட்டக்காரர்களுக்கு இது உண்மையில் உதவுமா? பார்க்கலாம்.

ஹெச்ஐஐடி என்றால் என்ன?

கொஞ்ச நேரம் முழு பலத்தோடு உழைப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி உழைப்பு. அவ்வளவுதான்.

'4 நிமிஷம்' எங்கிருந்து வந்தது?

ஜப்பான் ஆய்வாளர் இசுமி தபாட்டா குழு 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து. சைக்கிளில் 20 நொடி அதிவேகம், 10 நொடி ஓய்வு என 7, 8 முறை. 6 வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் எடுக்கும் திறனும் 28% உயர்ந்தது. 1 மணி நேரம் மிதமாக மிதித்தவர்களுக்கு இந்த இரண்டாவது திறன் கூடவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. அவர்கள் மிதித்தது சைக்கிள். ஆய்வில் அளந்தது 100 மீட்டர் வேகத்தை அல்ல.

100 மீட்டருக்கு ஏன் அப்படியே பொருந்தாது?

முழு வேக ஓட்டத்துக்கான எரிபொருள், தசையில் சேமிப்பாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட். சில நொடிகளிலேயே இது வேகமாகக் கரையும். உசைன் போல்ட் 2009-ல் பெர்லினில் 9.58 நொடியில் ஓடியபோதுகூட கடைசி 20 மீட்டரில் வேகம் லேசாகக் குறைந்தது.

இந்த சேமிப்பு மறுபடி நிரம்ப 3 முதல் 5 நிமிடம் வேண்டும். 10 நொடி ஓய்வில் அடுத்த ரவுண்ட் ஓடினால், களைத்துப்போய் மெதுவாக ஓடத்தான் பழகுவோம். வேகம் வேண்டுமா? 30 முதல் 60 மீட்டர் முழு வேகம், பிறகு நன்றாக மூச்சு அடங்கும் வரை ஓய்வு.

யாருக்கு உதவும்?

200, 400 மீட்டர் ஓடுபவர்களுக்கு. கடைசி 100 மீட்டரில் கால் கனக்கும்போது தாக்குப்பிடிக்க, ஓய்வு குறைவான பயிற்சி கைகொடுக்கும். 100 மீட்டர்காரர்களும் சீசனுக்கு முன் ஸ்டாமினாவுக்காகச் செய்யலாம்.

எச்சரிக்கை

ஸ்பிரிண்ட் ஓட்டக்காரர்களை அதிகம் படுத்துவது தொடையின் பின்பக்கத் தசைக் காயம். உடம்பு களைத்திருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

* வார்ம்-அப் இல்லாமல் தொடங்காதீங்க.
* வாரம் 2 நாள் போதும், நடுவில் இடைவெளி விடுங்க.
* தொடை இழுத்துப் பிடித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திடுங்க.
* நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்க.

மொத்தத்தில், தாக்குப்பிடிக்க குறைந்த ஓய்வு. வேகத்துக்கு நிறைந்த ஓய்வு. உங்களுக்கு எது தேவை என்பதை கோச்சிடம் கேட்டு முடிவு செய்யுங்க.