விரியன் விட்டுப்போன வீக்கம்

ஜரராக்கா என்ற பிரேசில் விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். அதன் நஞ்சை நாயின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்த மவுரிசியோ ரோச்சா இ சில்வா குழுவினர், அதில் புதிதாக ஒரு பொருள் பிறப்பதை 1949-ல் அறிவித்தார்கள். அது பட்டால் கினிப்பன்றியின் குடல் மெதுவாகச் சுருங்கியது. அந்த மெதுவைக் கிரேக்கத்தில் சொல்லி ‘பிராடிகினின்’ என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. பிறந்த வேகத்தில் ரத்தத்திலேயே சிதைந்துபோகும்.

அதைச் சிதையவிடாமல் காக்கும் பொருளும் அதே நஞ்சில் இருப்பதை செர்ஜியோ ஃபெரைரா கண்டுபிடித்தார். நஞ்சின் சாற்றை லண்டனுக்கு, ஜான் வேன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கிடைத்த துப்பு அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்துக்குப் போய், 1975-ல் ஒண்டெட்டி, குஷ்மன் குழுவினர் கையில் கேப்டோப்ரில் ஆனது. 1981-ல் அது கடைக்கு வந்தது. பின்னாலேயே எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில். இன்று நம் வீட்டு பிரஷர் மாத்திரை டப்பாவிலும் இந்த வம்சம் இருக்கக்கூடும்.

இந்த மாத்திரைகள் முடக்குவது ஏசிஇ என்ற நொதியை. ரத்தக் குழாய்களை இறுக்கும் பொருளை உண்டாக்குவது அதுதான். பிராடிகினினைச் சிதைப்பதும் அதுதான். அதை முடக்கினால் அழுத்தம் இறங்கும், பிராடிகினின் தேங்கும். பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை, சிலருக்கு வறட்டு இருமல். ஆயிரத்தில் ஓரிருவருக்கோ, இன்னும் சிலருக்கோ, ஒரு நாள் காலையில் உதடு வீங்கும். அரிப்பு இருக்காது, தோலில் தடிப்பு இருக்காது. நாக்கு வாய்க்குள் அடங்காது, குரல் மாறும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும். பல வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரை என்பதால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வராது.

அலர்ஜி என்று அவில், ஸ்டீராய்டு, அட்ரினலின் ஊசிகள் போடுவார்கள். சந்தேகம் இருக்கும்போது போடுவதில் தப்பில்லை. ஆனால் இந்த வீக்கத்தைக் கிளப்பியது அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் அல்ல, தேங்கிய பிராடிகினின். அதனால் அவை பெரும்பாலும் கேட்பதில்லை. மூச்சுப்பாதையைக் காப்பதே முதல் சிகிச்சை: நோயாளி விழித்திருக்கும்போதே, மூக்கு வழியாக வளையும் கேமராவை விட்டுக் குழாய் பொருத்துவது. அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் துளை.

மாற்றுமருந்தாகப் பேசப்பட்ட இகாடிபன்ட், பிராடிகினினையே கொஞ்சம் மாற்றிச் செய்த போலி. 2015-ல் ஜெர்மனியில் 27 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையில் 27 மணி நேரம் நீடித்த வீக்கம் இதில் எட்டு மணி நேரத்தில் வடிந்தது. அதைவிடப் பெரிய அடுத்த சோதனையில் பலன் தெரியவில்லை. விலையும் அதிகம்.

‘ப்ரில்’ என்று பெயர் முடியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உதடோ நாக்கோ வீங்கினால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.