சிறுவயலுக்கு வந்த விருந்தினர்



படைத்தலைவர் ஒருவர் மற்றொரு படைத்தலைவரின் இல்லத்திற்கு விருந்தினராகச் செல்வது வரலாறு காணாத செய்தியன்று. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனுக்குத் துணைநின்ற பிரெஞ்சு வீரர் லபாயெத், 1784-ஆம் ஆண்டில் மவுண்ட் வெர்னன் என்னும் பண்ணை மாளிகையில் அவருடன் தங்கி மகிழ்ந்தார். 1824-இல் அவர் மீண்டும் அங்கே சென்றபோது நண்பரின் கல்லறையையே காண முடிந்தது. எனினும் அவர்களுடைய நட்பு இறுதிவரை பழுதுபடவில்லை.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் அயல்நாட்டு வீரர் ஒருவர் ஒரு தளபதியின் ஊருக்கு விருந்தாக வந்தார். ஆனால் அவர் மறுமுறை வந்த விதமே வேறு.

நம் விருதுநகர் மாவட்டத்தில், நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள் மருது சகோதரர்கள் என்பர். வேலு நாச்சியார் 1780-இல் சிவகங்கைச் சீமையை மீட்பதற்குத் தோள்கொடுத்த அவ்விருவரும் பின்னர் அச்சீமையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர். இளையவரான சின்ன மருது சிறுவயலில் வாழ்ந்தார். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள அவ்வூருக்கு 1795-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த இளம் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ்.

அங்கே அவர் கண்டது என்ன? மருதுவின் மாளிகையில் காவலர் ஒருவரும் இல்லை. விரும்பியவர் எவரும் தடையின்றி உள்ளே சென்று வந்தனர். குடிமக்கள் அனைவரும் அவரைத் தந்தையெனப் போற்றி வாழ்த்தினர். வழிப்போக்கில் நேர்ந்த அச்சந்திப்பு நட்பாக மலர்ந்தது. வெல்ஷ் மதுரையில் இருந்த காலமெல்லாம் சின்ன மருது அவருக்கு நல்லரிசியும் கனிகளும் அனுப்பி வந்தார். வேலெறியவும் வளரி வீசவும் அவருக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவரும் அவரே. வளரி என்பது குறிதவறாமல் தொலைவில் எறியத்தக்க வளைந்த படைக்கலம். அதனை அயலாருக்குக் கற்பித்த உள்ளத்தில் ஐயத்திற்கு இடமில்லை என்பது வெளிப்படை.

ஆறாண்டுகள் கழிந்தன. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. காயமுற்று வெளியேறிய ஊமைத்துரைக்குச் சின்ன மருது அடைக்கலம் அளித்தார். அவரை ஒப்படைக்குமாறு கம்பெனியார் கேட்டும் அவர் இணங்கவில்லை. ஜூன் 16-இல், எல்லாச் சாதியினரும் ஒன்றுபட்டு அயலாட்சியை எதிர்க்க வேண்டும் என்னும் அவருடைய அறிக்கை திருச்சியில் வெளியாயிற்று. சிறுவயலை நோக்கிக் கர்னல் அக்னியூவின் படை புறப்பட்டது. அப்படையில் ஓர் அதிகாரியாக வந்தவர் அதே வெல்ஷ்! புகலிடம் நாடிவந்த விருந்தினரைக் காத்ததன் பொருட்டு, முன்பு உபசரித்த விருந்தினரையே பகைவராக எதிர்கொள்ளும் நிலை மருதுவுக்கு ஏற்பட்டது.

அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. காட்டில் விலங்கைத் துரத்துவதுபோல் தம் நண்பரைத் துரத்த நேர்ந்ததையும், அவர் தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், தமையனாருடனும் மைந்தருடனும் தூக்கிலிடப்பட்டுத் தொங்கியதையும் வெல்ஷ் எழுதிவைத்துள்ளார். அது 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் நிகழ்ந்தது. சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1818-இல் அங்கே வெல்ஷ் அவரைச் சந்தித்தார். இளமையிலேயே முதியவர்போல் தளர்ந்துவிட்ட அவரை யாரென்று அறிந்தபோது வெல்ஷின் நெஞ்சம் துடித்தது.

வெல்ஷ் கம்பெனியின் கட்டளையை மீறினாரல்லர். நண்பரைக் காக்கவும் இல்லை. ஆயினும் 1830-இல் வெளியான தம் நினைவு நூலில், பகைவர் எனத் தம் மேலோர் கருதிய ஒருவரைப் பண்பாளர் என்றே குறித்தார். கலகக்காரர் என்று மட்டுமே கம்பெனி ஏடுகள் சுட்டிய ஒருவரை நாம் இன்று மனிதராகக் காண முடிவதற்கு அந்தச் சான்றும் ஒரு காரணம்.

மாணவர்களே, வரலாற்று நூலைப் படிக்கும்போது எழுதியவர் எப்பக்கம் நின்றவர் என்று முதலில் கேளுங்கள். பகைவர் பழித்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆனால் பகைவரே தம் தரப்புக்கு மாறாகப் புகழ்ந்துரைத்தால், அச்சொல்லைச் சற்று நின்று எடைபோடுங்கள். காவலர் இல்லாத அந்த மாளிகையைப் பற்றி நமக்குச் சொன்னவர், அதன் தலைவரைப் பிடிக்க வந்த படையில் இருந்தவர் என்பதை மறவாதீர்கள்.