பெயர்ப்பட்டியலும் கணக்கெடுப்பும்: கிண்டிக் காட்டை முன்வைத்துப் பூச்சியியல் வரலாறு

முன்னுரை

சென்னை வேளச்சேரிக்கு வடக்கே உள்ள கிண்டிக் காடு, சோழமண்டலக் கடற்கரைக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சமாகும். 1910-இல் ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக்கப்பட்டது. 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு இக்காட்டின் ஒரு பகுதி வழங்கப்பட்டது. 1961 முதல் 1977 வரை மேலும் சுமார் 172 ஹெக்டேர் பிற பயன்களுக்கு மாற்றப்பட்டது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். நிலத்தின் இழப்பை இவ்வாறு எண்களால் கூறலாம். அந்நிலத்துப் பூச்சிகளின் இழப்பை அவ்வாறு கூற இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரிடும் மரபு

18ஆம் நூற்றாண்டில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய கோனிக் சேகரித்த பூச்சிகள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றுள் பலவற்றிற்கு ஃபப்ரீசியுஸ் பெயரிட்டார். 1851-இல் ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார். 1914-இல் ஃபிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் பொருளாதார நோக்கை முதன்மையாகக் கொண்டது. முதலிரு முயற்சிகளும் எவ்வினம் உள்ளது என்பதற்கு விடையளித்தன. மூன்றாவது, அது மனிதனுக்கு நன்மை செய்வதா தீமை செய்வதா என்பதற்கு விடையளித்தது. ஒரு காட்டில் எத்தனை இனங்கள், எவ்வளவு எண்ணிக்கையில் வாழ்கின்றன என்பது அவற்றின் வினாவன்று.

எண்ணும் மரபு

பனாமாக் காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் மேல் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, வீழ்ந்த வண்டுகளைச் சேகரித்தார் டெர்ரி எர்வின். கிடைத்தவை ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள். அதனடிப்படையில், வெப்பமண்டலக் கணுக்காலி இனங்கள் 3 கோடி வரை இருக்கலாம் என 1982-இல் மதிப்பிட்டார். அம்மதிப்பீட்டைப் பின்வந்தோர் வெகுவாகக் குறைத்தனர். எனினும் எத்தனை மரங்கள், எந்தப் பருவம், எத்தனை உயிரிகள் எனப் பதிவுசெய்யும் அணுகுமுறை நிலைபெற்றது.

முடிவுரை

பழைய பட்டியலில் உள்ள ஓர் இனம் இன்று கிண்டியில் கிடைக்கவில்லையெனில், அது அழிந்ததா, இங்கு முன்பும் இல்லையா, தேடியவர் கண்ணில் படவில்லையா என்பதைப் பட்டியல் மட்டும் கூறாது. ஆகவே இன்றைய கணக்கெடுப்பு இழந்ததை மீட்டுத் தருவதன்று. இனி இழக்கப்போவதை அறிவதற்கான அளவுகோலாகும். ஒரே இடத்தில், ஒரே வகை விளக்குப் பொறியையும் குழிப் பொறியையும் கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் எண்ணுதல் வேண்டும். பொறியில் ஒன்றும் விழாத நாளையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவே நாளைய ஆய்வாளருக்குச் சான்றாகும்.